அப்பாட்டு: ஒரு சொல்லின் போக்கும் வரவும்



2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆந் தேதி உலகெங்கும் ஒரு பாடல் வெளியாயிற்று. அதனைப் பாடியோர் இருவர். ஒருவர், கொரியப் பெற்றோருக்கு நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிற் பிறந்து, அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் வளர்ந்து, பதினைந்து வயதிலே சியோல் நகருக்குச் சென்று பாடகியான ரோசே என்னும் பெண்மணி. மற்றவர், ஹவாய்த் தீவுகளிலே ஹொனலூலு நகரிற் பிறந்த புரூனோ மார்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகர். பாடலின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். ஆயினும், அதன் உயிர்நிலையாகத் திரும்பத் திரும்ப ஒலிக்குஞ் சொல் கொரியச் சொல். அச்சொல்லை முதன்முறை கேட்கும் தமிழ்க் காதுக்கு அது 'அப்பாட்டு, அப்பாட்டு' என்றே விழும். எப்பாட்டு என்று நாம் திருப்பிக் கேட்கவுங்கூடும்.

அது பாட்டைக் குறிக்குஞ் சொல்லன்று, வீட்டைக் குறிப்பது. கொழும்பிலே நாம் வாய்ப்பேச்சிற் 'பிளற்ஸ்' என்றும் எழுத்திலே தொடர்மாடி என்றும் வழங்கும் வீட்டைக் கொரியர் 'அப்பாட்டு' என்பர். 'அப்பாட்மென்ற்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தலை மட்டும் எஞ்சி, வால் அறுந்து நிற்கும் உருவம் அது. ஆங்கிலேயர் வீட்டிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், கிழக்கே வந்து வேற்று வேடம் புனைந்து, மூன்று தலைமுறை அங்கே குடியிருந்து, பின்னர் ஓர் ஆங்கிலப் பாட்டின் நடுவே ஏறிக்கொண்டு தன் பிறந்தகத்துக்கு மீண்டபோது, பிறந்தகத்தார் அதனை யாரென்று அறியாது விழித்தனர். அச்சொல் போன வழியையும் மீண்ட வழியையும் பற்றியே இன்று பேச விழைகின்றேன். பாட்டைப் பற்றிப் பேசவந்தவன் கட்டடங்களைப் பற்றிப் பேசுகின்றானே என்று நேயர்கள் சலித்துக்கொள்ளலாகாது. கொரிய நாட்டிலே அவ்விரண்டையும் பிரிப்பது எளிதன்று.

சொல் கொரியாவுக்கு நேரே வந்ததன்று. யப்பான் வழியாகவே வந்தது. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நீண்ட அந்நியச் சொற்களை வெட்டிக் குறுக்கிப் பேசுவது யப்பானியர் வழக்கம். அவர்களே இச்சொல்லை 'அப்பாட்டோ' என்று சுருக்கினர். கொரியர் அதன் ஈற்றுயிரை மாற்றினர். வல்லொலியில் முடியும் பிறநாட்டுச் சொற்களுக்குப் பின்னே இதழ் குவியாத ஓர் உயிரைச் சேர்த்துச் சொல்வது கொரிய வழக்கு; அது நம் குற்றியலுகரத்துக்கு மிக அணித்தானது. ஆதலாலேதான் அச்சொல் நம் செவிக்கு இத்துணை உறவாக ஒலிக்கின்றது.

1930களிலே சியோல் நகரில், அன்று அதற்கு யப்பானியர் வழங்கிய பெயர் வேறு, அடுக்குமாடி வீடுகள் சில எழுந்தன. அவற்றிலே குடியிருந்தோர் பெரும்பாலும் யப்பானிய அலுவலரே. அக்காலத்துக் கட்டடம் ஒன்று, பச்சை வண்ணம் பூசப்பட்டு, சுங்ஜோங் சாலையோரத்திலே எண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதனைப் பாதுகாப்பின் பொருட்டு இடிப்பதென்று சியோல் மாநகர ஆட்சியினர் 2022இலே தீர்மானித்தனர்.

புதுவகை வீட்டின் பெயர் நாட்டினுள் நுழைந்த அதே காலத்திலே, கொரிய மொழி தன் சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1938இலே பாடசாலைகளிற் கொரியம் விருப்பப் பாடமாக்கப்பட்டது. விரைவிலே அதுவும் இல்லாதாயிற்று. 1940 முதல், மக்கள் யப்பானிய முறையிலே பெயரை மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டனர். 1942 ஒக்டோபரிலே கொரிய மொழிக் கழகத்தார் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் அகராதி தொகுத்தது. லீ யுன்-ஜே, ஹான் ஜிங் என்னும் அறிஞர் இருவர் சிறையிலேயே மாண்டனர். 1929 முதற் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய அகராதிக் கையெழுத்துப் படி, 26,000 தாள்களுக்கு மேற்பட்டது, வழக்குச் சான்றாகக் கைப்பற்றப்பட்டுக் காணாமற் போயிற்று.

1945 ஓகஸ்ட் 15இலே யப்பான் சரணடைந்தது. அடுத்த மாதம், சியோல் புகைவண்டி நிலையத்துப் பண்டகசாலையிலே, உரிமை கோருவாரின்றிக் கிடந்த பொதிகளிடையே அக்கையெழுத்துப் படி அகப்பட்டது. வழக்கின் மேன்முறையீட்டுக்காக வடக்கிலிருந்து அனுப்பப்பட்ட பொதி அது. தீர்ப்பளித்தோரும் போய், ஆட்சியும் போய், பொதி மட்டும் அங்கே தங்கிவிட்டது. அகராதியின் முதற் பாகம் 1947இலும் ஆறாம் பாகம் 1957இலும் வெளிவந்தன. இடையிலே ஒரு பெரும் போரே நடந்து முடிந்தது. கொரியர் தம் மொழிச் சொல் ஒன்றை உலகம் உச்சரிக்கக் கேட்கும்போது அடையும் உவகையைச் சிலர் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளுவர். அந்தப் பொதியை நினைப்பவர் அவ்வாறு எள்ளார்.

1948இலே கொரியக் கல்வி அமைச்சு, யப்பானியச் சொற்களைக் களைந்து தாய்மொழிச் சொற்களை மீட்கும் நோக்குடன் ஒரு சிறு நூல் வெளியிட்டது. எத்தனையோ சொற்கள் வழக்கிழந்தன. 'அப்பாட்டு' மட்டும் தப்பிப் பிழைத்தது. ஆங்கில உடை உடுத்திருந்தமையால் அதன் யப்பானியப் பிறப்பை எவரும் உற்று நோக்கவில்லை என்பதே என் கருத்து. அன்றைய நிலையில் ஆங்கிலம் வென்றவரின் மொழி. உணவும் மருந்தும் கொண்டுவந்தவரின் மொழி.

அந்த ஆங்கிலம் கொரியரிடையே பாட்டாகப் புகுந்த கதையையும் ஈண்டுக் கூறவேண்டும். 1950 யூன் 25இலே தொடங்கிய கொரியப் போரிற் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. 1953 யூலை 27இலே போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னரும் அமெரிக்கப் படையின் எட்டாம் பிரிவு தென்கொரியாவிலே தங்கிற்று. அப்படைவீரரை மகிழ்விக்க முகாந்தோறும் பாட்டும் ஆட்டமும் நிகழ்ந்தன. வேலையற்ற கொரிய இசைவாணர்க்கு அதுவே பிழைப்பு. வானொலியிலும் பழைய இசைத்தட்டுக்களிலும் கேட்ட அமெரிக்கப் பாடல்களை அவர்கள் பொருள் அறியாமலே மனனஞ் செய்து பாடினர்.

அவர்களுள் மூன்று சிறுமியர் இருந்தனர். அவர்களுள் இருவரின் தாய் லீ நான்-யோங். 1935இலே மொக்போ என்னும் துறைமுக நகரைப் பற்றி அவர் பாடிய துயரப் பாடல் கொரியா முழுவதையும் கண்ணீர் விடச் செய்தது. கணவர் கிம் ஹே-சோங் புகழ்பெற்ற இசையமைப்பாளர். போரின்போது வடக்கே கொண்டுசெல்லப்பட்டார், மீளவில்லை. பிள்ளைகளுக்குச் சோறிட வழியற்ற தாய், புதல்வியர் இருவரையும் தன் தமையனின் மகளையும் சேர்த்து ஆங்கிலப் பாட்டுப் பழக்கினாள். ஆங்கிலம் தாய்க்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஒலியை மட்டும் கற்றனர். படைவீரர் கொடுத்த மதுப்புட்டிகளைச் சந்தையில் மாற்றி அரிசி வாங்கினர். 1959இலே அம்மூவரும் 'கிம் சகோதரிகள்' என்ற பெயரிலே அமெரிக்காவுக்குச் சென்று லாஸ் வேகாஸ் நகரிலே பாடினர். எட் சலிவன் என்பாரின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் தோன்றினர். ஒரு மொழியின் பொருளறியாது அதன் ஒலியை மட்டும் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். அறுபத்தைந்து ஆண்டு கழித்து அமெரிக்கப் பாடகர் ஒருவர் கொரியச் சொல்லொன்றை மேடையிற் கூவினார். அவருக்கு வயிறு காயவில்லை, வேற்றுமை அதுதான்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். போரின் பின் சியோல் மலைச்சரிவுகளெல்லாம் பலகைக் குடிசைகளால் நிறைந்தன. 1958இலே ஜொங்காம் என்னுமிடத்தில் ஒரு தொடர்மாடி கட்டப்பட்டது. அதன் திறப்புக்குக் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ அவர்களே வந்தார். வீட்டுக்குள்ளேயே நீரூற்றும் மலசலகூடம் அமைந்திருந்தமை அன்று நாடு பேசிய அதிசயம். 1962இலே, முன்னர் சிறைச்சாலைக்குரிய விளைநிலமாயிருந்த மாப்போவிலே, ஆறுமாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1964அளவில் அவை பத்தாயின. பத்து மாடியும் மின்தூக்கியுமாகப் போட்ட திட்டம் ஆறு மாடியாகக் குறுகிற்று. படைத்தளபதியாயிருந்து ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங்-ஹீ அங்கே உரையாற்றி, இவ்வீடுகள் மக்கள் வாழ்க்கையிலே ஒரு புரட்சியை உண்டாக்கும் என்றார்.

மக்களோ அஞ்சினர். தொடக்கத்திற் குடிபுக ஆளில்லை. தரைக்கு மேலே தொங்கும் வீட்டில் எப்படி உறங்குவது? நிலக்கரிக் கட்டி எரியும் நச்சுப்புகை மாடிக்கு மாடி ஏறிவந்து கொல்லாதோ? அவற்றினும் பெரிய கேள்வி ஒன்றிருந்தது: சோயாக் குழம்பும் காய்கறி ஊறுகாயும் நிறைந்த மட்பானைகளை எங்கே வைப்பது? முற்றத்திலே, வெயில் படும் மேடையிலே, அப்பானைகளை வரிசையாக வைத்துக் காப்பது கொரியக் குடும்பத் தலைவியின் உரிமை. முற்றமில்லாத வீடு அவர்களுக்கு வீடாகத் தோன்றவில்லை. காலப்போக்கிலே பானைகள் மாடி முகப்புக்கு ஏறின. தரையைக் கீழிருந்து வெதுப்பும் பண்டைய கொரிய முறையும், தரைக்குள்ளே வெந்நீர்க் குழாய் பதிப்பதன் மூலம், மாடி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அந்நியச் சொல்லை வாலறுத்துத் தமதாக்கியது போலவே, அந்நிய வீட்டையும் தரையைச் சூடாக்கித் தமதாக்கினர்.

வேகம் வெறியாக மாறிய காலமும் உண்டு. குடிசைகளை அகற்றி, ஏழைகளுக்கென மலிந்த செலவில் மாடிகளை எழுப்பும் திட்டத்தைச் சியோல் நகர முதல்வர் கிம் ஹியோன்-ஓக் முடுக்கினார். படுத்திருக்கும் மாட்டின் வடிவுடையதென்று வாவு எனப் பெயர் பெற்ற குன்றிலே 1969 இறுதியில் ஐந்துமாடிக் கட்டடங்கள் கட்டி முடிக்கப்பட்டன. தூண்களுக்குரிய இரும்பிலே குறைத்தனர். மண்ணின் உறுதியைச் சரிவரச் சோதிக்கவில்லை. 1970 ஏப்ரில் 8ஆந் தேதி விடியலில், உறைந்திருந்த நிலம் இளகிய பருவத்திலே, ஒரு கட்டடம் முழுவதும் சரிந்து வீழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகர முதல்வர் பதவி துறந்தார். 'அப்பாட்டு' என்ற சொல்லைக் கேட்டு அஞ்சிய தலைமுறையும் கொரியாவில் இருந்தது என்பதை, அதனைக் கூவிக் கைதட்டும் தலைமுறை அறிந்திருக்குமோ, யான் அறியேன்.

அச்சம் நீடிக்கவில்லை. ஹான் ஆற்றின் தென்கரையிலே, கங்னாம் எனப்படும் பகுதியிலே, வயலும் பழத்தோட்டமுமாயிருந்த நிலத்தில் 1970களிலே பெருந்தொடர்மாடிகள் எழுந்தன. நடுத்தர வகுப்பார் அங்கே விரைந்தனர். மாடி வீடு செல்வத்தின் அடையாளமாயிற்று. பின்னர் செல்வமே அதுவாயிற்று. இன்று தென்கொரியக் குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை அப்பாட்டுக்களிலே வாழ்கின்றன. வலெரி ஜெலெசோ என்னும் பிரெஞ்சுப் புவியியல் அறிஞர் எழுதிய ஆய்வொன்றுக்கு, 2007இலே கொரியத்தில் வந்தபோது, 'அப்பாட்டுக் குடியரசு' என்றே பெயரிட்டனர். சட்டப்படி ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ளதே அப்பாட்டு. அதனினும் தாழ்ந்த எளிய மாடி வீட்டை மக்கள் 'வில்லா' என்பர். ஐரோப்பாவிலே பிரபுக்களின் மாளிகைக்குரிய பெயர் கொரியாவிலே சிக்கனக் குடும்பத்தின் வீட்டுக்கு வாய்த்தது! அப்பாட்டுக்களுக்கோ கோட்டை, அரண்மனை என்னும் பொருள்படும் அந்நியப் பெயர்களை அடுக்கடுக்காகச் சூட்டினர். கிராமத்து மாமியார் வழி கேட்டு வந்துவிடாதபடி மருமகள் தேடிய உபாயம் அது என்பது அந்நாட்டு நகைச்சுவை. 2024இலே சியோல் மாநகர நிர்வாகம், பெயர்களை எளிமையாக வையுங்கள் என்று வழிகாட்டி நூலே வெளியிட நேர்ந்தது.

இந்த வளர்ச்சியின் நடுவே, 1982இலே, யூன் சூ-இல் என்னும் பாடகர் 'அப்பாட்டு' என்றே பெயரிட்டு ஒரு பாடலைப் பாடினார். அழைப்புமணி ஒலியுடன் அது தொடங்கும். ஆற்றுப் பாலத்தைக் கடந்து, காதலியின் மாடி வீட்டைத் தேடிச் செல்லும் ஒருவன், அங்கே எவருமில்லாத கதவின் முன் நிற்கின்றான். படைச் சேவையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தம் காதலி குடும்பத்தோடு வெளிநாடு சென்றுவிட்டமை அறியாது அவள் வீட்டு வாயிலில் நின்ற நிகழ்ச்சியே பாட்டின் வித்து என்று யூன் கூறியிருக்கின்றார். துயரப் பாட்டுத்தான், ஆனால் அதன் தாளம் துள்ளுந் தாளம். ஆதலால் பந்தாட்ட மைதானங்களில் ஆயிரமாயிரம் இரசிகர் எழுந்து நின்று கூவிப்பாடும் உற்சாகப் பாட்டாக அது மாறிற்று. யூன் சூ-இல் கொரியத் தாய்க்கும் அமெரிக்கப் படைவீரர் ஒருவருக்கும் பிறந்தவர். கலப்புக் குழந்தைகளைச் சமுதாயம் ஏற இறங்கப் பார்த்த காலத்தில் வளர்ந்தவர். கொரியமும் ஆங்கிலமும் கலந்த பாடல்களின் வரலாற்றிலே அவருக்கு இடமில்லை என்று எவரேனுஞ் சொன்னால், நான் ஒப்பமாட்டேன்.

இரு மொழியும் ஒரே பாட்டிற் கைகோத்து உலகின் முன் நின்றது 1988 செப்டெம்பர் 17ஆந் தேதி, சியோல் ஒலிம்பிக் விழாத் தொடக்கத்தில். இத்தாலியரான ஜோர்ஜோ மொரோடர் இசை அமைத்தார். அமெரிக்கரான ரொம் விற்லொக் ஆங்கிலச் சொல் எழுதினார். கிம் மூன்-ஹ்வான் கொரியச் சொல் எழுதினார். ஐரோப்பாவிலே நெடுங்காலம் பாடிவந்த கொரியானா என்னும் குழுவினர் பாடினர். கைகோத்து நிற்போம் என்பது பாட்டின் பொருள். அவ்விழாவுக்காக நகரை அழகுபடுத்தியபோது, சாங்கே என்னும் பகுதியிலே குடிசைவாசிகள் இருமுறை இருப்பிடமிழந்தனர். கிம் டொங்-வொன் என்பவர் அவர்களுடன் வாழ்ந்து எடுத்த ஆவணப்படமும் அதே 1988ஆம் ஆண்டுக்கு உரியது. அங்கே எழுந்தவை எவை என்று சொல்லவும் வேண்டுமோ? அப்பாட்டுக்களே.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை நேயர்களில் இளையோர் நன்கறிவர். 2009இலே வொண்டர் கேர்ள்ஸ் என்னும் குழு தன் பாட்டை ஆங்கிலத்திலே திருப்பிப் பாடி அமெரிக்கப் பட்டியலின் 76ஆம் இடத்தைத் தொட்டது. 2012இலே சை என்பவர் கொரியத்திலேயே கங்னாமைப் பற்றிப் பாடிய நையாண்டிப் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. 2021 செப்டெம்பர் 24இலே, இலண்டனிலே தோன்றிய கோல்ட்பிளே குழுவும் கொரியாவின் பி.ரி.எஸ். குழுவும் இணைந்து 'மை யூனிவேர்ஸ்' என்னும் பாடலை வெளியிட்டன. பெருந்தொற்றுக் காலத்திலும் கிறிஸ் மார்ட்டின் சியோலுக்கே சென்று அவர்களோடு பாடிப் பதிவு செய்தார். அதன் கொரியப் பகுதிகள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றன. கூடக்கூடாதெனத் தடுக்கப்பட்ட இருவரின் அன்பே பாட்டின் பொருள். ஒக்டோபர் 9ஆந் தேதியிட்ட அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலிலே அது முதலிடத்தில் நின்றது. கொரியாவிலே ஒக்டோபர் 9, சேஜோங் மன்னர் 1446இலே மக்களுக்கு அளித்த ஹாங்குல் எழுத்துக்களைக் கொண்டாடும் நாள். திட்டமிட்டு அமைந்ததன்று, ஆயினும் இதனைவிடச் சிறந்த நாளை யாரும் குறித்துக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் 'மை யூனிவேர்ஸ்' பாட்டிலே இரு மொழிகளும் அடுத்தடுத்த அறைகளிலே தங்கும் விருந்தினர் போலத் தனித்தனியே இருந்தன. ரோசேயின் பாட்டில் அவை ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டன.

கொரிய இளைஞர் கூடியிருந்து மதுவருந்தும் வேளையில் ஆடும் விளையாட்டுக்கள் பலவுண்டு. (மதுவருந்துவதை இவ்வொலிபரப்பிலே நான் புகழவில்லை, வரலாற்றைச் சொல்கின்றேன்.) அவற்றுள் ஒன்றின் பெயர் 'அப்பாட்டு'. எல்லோரும் அச்சொல்லைத் தாளத்தோடு கூவியபடி கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். அடுக்கிய கைகளே மாடிக் கட்டடம். தலைவர் ஓர் எண்ணைச் சொல்வார். அடியிலுள்ள கையை எடுத்து உச்சியில் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என மாடிகளை எண்ணிக்கொண்டே செல்வர். சொன்ன எண் எவர் கையில் விழுகின்றதோ, அவர் கிண்ணத்தைக் காலி செய்தல் வேண்டும். வாவுக் குன்றின் துயரமும், வெறுங்கதவின் முன் நின்ற காதலனும், வீட்டு விலை ஏற்றத்தால் உறக்கமிழக்கும் பெற்றோரும் எல்லாம் கரைந்து, வெறுங்கைகளால் அடுக்கப்படும் ஒரு கட்டடமாக அச்சொல் இவ்விளையாட்டிலே மிஞ்சியது.

ரோசே ஒருநாள் இசைப்பதிவுக் கூடத்திலே உடனிருந்தோருக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தார். அவர்கள் அதில் மயங்கினர்; அச்சொல்லே பாட்டாயிற்று. பின்னர் அவருக்கே ஐயம் பிறந்தது. குடிகார விளையாட்டின் கூச்சலைப் பாட்டென்று உலகின் முன் வைப்பதா? அழித்துவிடுங்கள் என்று கூடச் சொன்னாராம். பிறகு புரூனோ மார்ஸுக்குச் சில பாடல்களை அனுப்பியபோது, அவர் பொறுக்கியெடுத்தது இதையே. 1982இலே அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ரொனி பாசிலின் 'மிக்கி' என்னும் பாட்டின் கூவுந் தாளம் இதிலே கலந்திருக்கின்றது. அப்பாட்டை ஆக்கியோர் பெயர்களும் இதன் ஆசிரியர் பட்டியலிலே உள்ளன. யூன் சூ-இல் தமது 'அப்பாட்டு'வைப் பாடியதும் அதே 1982இலே என்பதை நேயர்கள் நினைவு கூர்வர்.

பாட்டின் பெயரை ஆங்கில எழுத்து மூன்றால் 'ஏ, பீ, ரீ' என்று எழுதி இறுதியிலே ஒரு புள்ளி வைத்தனர். கொரியர் முகவரியிலும் அறிவிப்புக்களிலும் அவ்வாறு சுருக்கி எழுதுவது வழக்கம். எழுத்து ஆங்கிலம், வாசிப்பதோ 'அப்பாட்டு'. தொடக்கத்திலே விளையாட்டை அறிவிக்குங் குரல் ஒன்று கேட்கும். அதிலே ரோசேயின் கொரியப் பெயராகிய சேயோங் வருகின்றது. விரும்புதலைக் குறிக்கும் கொரிய வினைச்சொல் வருகின்றது. ஆனால் விளையாட்டின் வகையைச் சுட்டும் பெயர் ஆங்கிலம். இடையிலே புரூனோ மார்ஸ் கிண்ணம் உயர்த்தும்போது கொரியர் கூறும் 'கொன்பே' என்ற சொல்லை முழங்குகின்றார். அச்சொல்லோ 'வற்றிய கிண்ணம்' என்னும் பொருள்படும் சீன எழுத்துக்களின் கொரிய ஒலி. ஆகவே, இப்பாட்டிலே தூய கொரியம் எங்கே என்று அரித்தரித்துத் தேடுவோர்க்கு மிகச் சிலவே அகப்படும்.

இதனைக் கண்டு முகஞ்சுளித்தோரும் உளர். கவியுள்ளம் இல்லை, பொருளாழம் இல்லை என்றனர். பொருளாழம் இல்லையென்பது உண்மையே. கிம் சகோதரிகள் அன்று பாடிய ஆங்கிலப் பாட்டுக்களிலும் பொருளாழம் இருந்ததில்லை. ஆயினும் நான் வேறொன்றைக் கவனிக்கின்றேன். முன்னைய தலைமுறையார் உலகின் முன் பாட விரும்பியபோது ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிக்கப் பாடுபட்டனர். நா பிறழுமோ என்று நடுங்கினர். ரோசே ஆங்கிலத்தைத் தாய்மொழி போலவே பேசுபவர்; மெல்பேண் பாடசாலையிலே படித்தவர். 'அப்பாட்மென்ற்' என்று பிழையறச் சொல்ல அவருக்கு ஒரு தடையுமில்லை. அவர் வேண்டுமென்றே கொரியர் சொல்வது போற் சொன்னார். பிழையென்று ஒரு காலத்திலே நகைக்கப்பட்ட உச்சரிப்பைப் புரூனோ மார்ஸ் பயின்று பாடினார். உலகத்துப் பிள்ளைகளும் அவ்வாறே பாடினர்.

பாடல் வெளியானதும் எழுந்த ஆரவாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பில்போர்ட்டின் உலகப் பட்டியலிலே பன்னிரண்டு வாரம் முதலிடம்; அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்; 2025 நவம்பரிலே கிராமி விருதுகளின் ஆண்டுப் பாடல், ஆண்டு ஒலிப்பதிவு என்னும் தலையாய இரு பிரிவுகளிலும் முன்மொழிவு. கொரியாவிலே 2024 நவம்பர் 14ஆந் தேதி பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நடந்தது. பரீட்சைக்கு அமரும் மாணவர் இப்பாட்டைக் கேட்கலாகாது என்று ஒருவரையொருவர் எச்சரித்தனர். கேட்டால் விடைத்தாளின் முன்னும் 'அப்பாட்டு' என்றே காதில் ஒலிக்குமாம். அதே மாதம் 22ஆந் தேதி, பாடகர் இருவரும் முதன்முறையாக ஒரே மேடையில் நின்று அதனைப் பாடினர். மேடை அமைந்த இடம் யப்பானின் ஒசாக்கா நகரம். 'அப்பாட்டோ' என்ற சொல்லைக் கொரியாவுக்கு அனுப்பிய நாட்டிலேயே அது கொரிய ஒலியோடு பாடப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. ரோசேயின் பாட்டைத் தேடியவர் பலர் யூன் சூ-இல்லின் நாற்பத்திரண்டு ஆண்டுப் பழைய பாட்டிலும் போய் முட்டினர். மறந்திருந்தோர் மீண்டும் கேட்டனர். கேட்டறியாத இளையோர் புதிதாகக் கேட்டனர். பாட்டுக் கூடங்களிலே அது மறுபடியும் ஒலித்தது. கொரியாவிலே பழைய தொடர்மாடியை இடித்து அவ்விடத்திலே புதியதை எழுப்புவது பெருவழக்கு. அஞ்சியஞ்சி மக்கள் குடிபுகுந்த அந்த மாப்போக் கட்டடங்களே 1991இல் முதன்முதல் அவ்வாறு இடிக்கப்பட்டன. 1994இலே அங்கே உயர்ந்த புதிய மாடிகள் நின்றன. மறுகட்டுமானம் என்ற சொல்லைக் கேட்டாலே உரிமையாளர் முகம் மலரும். வீட்டின் விலை அத்துணை ஏறும். 2024இன் இறுதியிலே கொரியர் சொல்லிச் சிரித்த வேடிக்கை இதுதான்: யூன் சூ-இல் கட்டிய பழைய அப்பாட்டு மறுகட்டுமானம் கண்டுவிட்டது. அவ்வேடிக்கையை எல்லோரினும் அதிகமாக விரும்பியவர் அறுபத்தொன்பது வயதான அப்பழைய வீட்டுக்காரரே. புதிய இசைத்தட்டு வெளியிட வந்த அவரைச் செய்தியாளர் சூழ்ந்து, ரோசேயின் பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தனர்.